கல்வட்டம், பாண்டவர் மலை: குழம்பிய பதிவுகளைப் பிரிப்பது எப்படி?

தொல்லியல் இடங்களைப் பற்றிப் பழைய நூல்களில் உள்ள பதிவுகளைத் தொகுக்கும்போது, பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக இரண்டு பதிவுகளை ஒரே இடமாக்கிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் ‘பஞ்சபாண்டவர் மலை’ என்றால் பெரும்பாலும் சமணர் படுக்கையோ சிற்பமோ உள்ள குன்று. மதுரைப் பக்கத்துக் கீழவளவும் ஆற்காட்டுப் பக்கத்து விளாப்பாக்கமும் அப்படித்தான். ‘பாண்டவர் குழி’ என்றாலோ பெருங்கற்கால ஈமச்சின்னமாக (இறந்தோருக்காகக் கற்களால் எழுப்பியது) இருக்கும்: கல்வட்டம் (வட்டமாக வைத்த கற்கள்), கற்குவை (கற்குவியல்), கல்திட்டை (பலகைக் கற்களால் ஆன அறை) எதுவாகவும் இருக்கலாம். எனவே இடத்தை முதலில் உறுதிசெய்யுங்கள், அடுத்து சின்னத்தின் வகை, பெயர் கடைசியில்.

இரண்டு அட்டவணை போதும். ஒன்றில் பதிவுக்கு ஒரு வரி: மூலத்தில் உள்ள எழுத்துக்கூட்டல் மாறாமல், ஆண்டு, பக்கம், சொன்ன தொலைவு. மற்றதில் இடத்துக்கு ஒரு வரி. முதல் அட்டவணையில் எதையும் அழிக்கவோ திருத்தவோ கூடாது. இடத்தின் எண்ணை மட்டும் சேர்த்துக்கொண்டே போகலாம். 1882-இல் ராபர்ட் சீவெல் வெளியிட்ட சென்னை மாகாணத் தொல்லியல் பட்டியலிலிருந்து பின்வந்தவர்கள் நிறைய எடுத்திருக்கிறார்கள். மூன்று நூல்கள் ஒரே மைல் கணக்கைச் சொன்னால் அதை ஒரு சான்றாகவே எண்ணுங்கள்.

மாவட்டப் பெயர்தான் பெரிய பள்ளம். விளாப்பாக்கம் பழைய நூல்களில் வடஆற்காடு, பிறகு வேலூர், 2019-க்குப் பின் ராணிப்பேட்டை. பழைய சேலம் என்று இருந்தால் தருமபுரி (1965), கிருஷ்ணகிரி (2004) மாவட்டங்களிலும் தேட வேண்டும். ஊர்ப் பெயரும் ஏமாற்றும். அகழாய்வு நடந்த குன்னத்தூர் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில். தமிழி (தமிழ்-பிராமி) கல்வெட்டுள்ள குன்னத்தூர் மதுரை வரிச்சியூர்ப் பக்கத்தில். குக்கிராமத்தின் பெயரோடு வருவாய்க் கிராமம், வட்டம் (தாலுகா), புல எண் (சர்வே எண்) மூன்றையும் எழுதினால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

அட்சரேகை, தீர்க்கரேகையில் மூன்று இடங்களில் வழுக்கும். 12.30 என்பது 12 பாகை 30 நிமிடமா, தசமமா என்று பாருங்கள். மாறிப் படித்தால் சுமார் 22 கிலோமீட்டர் தள்ளிப் போகும். சுமார் 1905-க்கு முந்தைய நில அளவைத் தாள்களில் தீர்க்கரேகை ஏறத்தாழ 2 நிமிடம் 27 விநாடி கூடுதல். தென்னிந்தியாவில் அது நான்கு கிலோமீட்டருக்கு மேல். பிந்தைய தாள்களும் பெரும்பாலும் எவரெஸ்ட் அடித்தளத்தில் (ஜிபிஎஸ் பயன்படுத்துவதிலிருந்து வேறான பழைய அளவை அடிப்படை) வரைந்தவை என்பதால், அப்படியே ஜிபிஎஸ்-இல் போட்டால் புள்ளி நூறு மீட்டருக்கு மேல் விலகும். மலையடிவாரத்தில் அந்த நூறு மீட்டர் போதும், வேறொரு குவியலைப் பார்த்துவிட்டுத் திரும்ப.

களத்தில் வட்டத்தின் நடுவில் நின்று, ஜிபிஎஸ் துல்லியம் 5 மீட்டருக்குள் வந்த பிறகு புள்ளியைக் குறியுங்கள். விட்டத்தை இரு திசையிலும் அளக்கவும். வட்டத்தின் கற்கள் மண்ணில் பாதி புதைந்து வரிசையாக நின்றால் நம்பலாம். உழும்போது பொறுக்கிப் போட்ட குவியலில் கற்கள் மேலாகக் கிடக்கும். வயல் ஓரத்தை ஒட்டி நீளும். பானை ஓடு கிடந்தால் படம் எடுங்கள், எடுத்துவராதீர்கள், தோண்டவே கூடாது.

எண்ணிக்கை முரணைக் கண்டு மிரள வேண்டாம். ஒருவர் ‘நூறு’ என்பதும் மற்றவர் ‘ஒன்று’ என்பதும், ஒருவர் கல்வட்டங்களையும் மற்றவர் அவை சேர்ந்திருக்கும் ஈமக்காட்டையும் எண்ணியதால் வந்ததாக இருக்கலாம். இரண்டுக்கும் அட்டவணையில் தனித்தனி நெடுவரிசை வையுங்கள்.

இடம், வகை, வருவாய்க் கிராமம் மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்தினால் மட்டும் இணைக்கலாம், அந்த இரண்டில் ஒன்று இடமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ‘ஒன்றாக இருக்கலாம்’ என்று குறித்துத் தனியாகவே விடுங்கள். தவறாக இணைத்ததைப் பிறகு பிரிப்பது பெரும்பாடு. கல்குவாரியில் அழிந்த இடத்தின் வரியையும் நீக்கக் கூடாது: ‘அழிந்தது, கடைசியாகப் பார்த்த ஆண்டு’ என்று எழுதுங்கள். நீக்கினால், அடுத்து வருபவர் பழைய பதிவைப் பக்கத்துக் குன்றின்மேல் ஏற்றிவிடுவார்.