ஐந்து சென்ட் மனையில் வீட்டு வரைபடம்: மேற்குக் காற்றையும் சாரலையும் கணக்கில் வைத்து நீங்களே வரைவது எப்படி

வீடு கட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் "எத்தனை படுக்கையறை?" என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டை, புளியரை, பண்பொழி வட்டாரத்தில் வீடு கட்டுபவர்கள் அந்தக் கேள்வியை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆரியங்காவுக் கணவாய் வழியாக ஆனியிலும் ஆடியிலும் நுழையும் மேற்குக் காற்றும், அதனோடு சாய்ந்தடிக்கும் சாரலும், நம் வீட்டின் எந்தச் சன்னலைத் திறக்கலாம், எதை மூன்று மாதம் பூட்டி வைக்க வேண்டும் என்பதை நம்மைக் கேட்காமலே முடிவு செய்துவிடும். எங்கள் பழைய வீட்டின் வரைபடத்தை வெளியூரிலிருந்து வாங்கினோம். அதில் மேற்குச் சுவரில் ஐந்தடி அகலச் சன்னல் இருந்தது. மலை தெரியும் என்று நாங்களும் மகிழ்ந்தோம். முதல் ஆடியிலேயே சட்டம் ஊறிப் பருத்துக் கதவு சாத்த வராமல் போனது, பிறகு அங்கே தார்ப்பாய்தான் தொங்கியது. அந்த அனுபவத்துக்குப் பிறகு இரண்டாவது வீட்டின் வரைபடத்தை நானே வரைந்தேன். பொறியாளர் பின்னர் அதைத் திருத்தி அனுமதிக்கு ஏற்றபடி வரைந்து கொடுத்தார். நீங்களும் அந்த அளவுக்கு வரைய முடியும்.

முதலில் மனையை அளந்துகொள்ளுங்கள்

பட்டாவையும் புலப்படத்தையும் கையில் வைத்துக்கொண்டு நாடாவால் நான்கு பக்கமும் அளக்க வேண்டும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. நில அளவைச் சங்கிலியின் நீளம் 66 அடி என்பதால் இந்தப் பக்கத்து மனைகள் பலவும் 33, 66 என்ற அளவுகளை ஒட்டியே பிரிக்கப்பட்டிருக்கும். 33 அடி அகலமும் 66 அடி நீளமும் உள்ள மனை 2,178 சதுர அடி, அதாவது சரியாக ஐந்து சென்ட். இதையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். சாலை கிழக்கில் இருக்கிறது, மலை மேற்கில் இருக்கிறது.

நான்கு பக்கமும் சரியாக இருந்தாலும் மூலைகள் செங்கோணமாக இல்லாமல் மனை கோணியிருக்கலாம். எனவே மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு முறை அளந்து பாருங்கள். இந்த மனையில் இரண்டு குறுக்களவும் 73 அடி ஒன்பதரை அங்குலத்தை ஒட்டி வர வேண்டும். அரை அடிக்கு மேல் வேறுபட்டால் எந்த மூலை இழுத்திருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகே பென்சிலை எடுக்க வேண்டும்.

அடுத்தது சுற்றிலும் விட வேண்டிய காலியிடம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி இது சாலையின் அகலம், மனையின் அகலம், கட்டடத்தின் உயரம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். ஆகவே உங்கள் ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில் 3,500 சதுர அடிக்கு மிகாமல் தரைத்தளமோ, தரைத்தளமும் முதல் தளமுமோ கட்டுபவர்களுக்குச் சுயசான்று முறையில் இணையவழி அனுமதி தரும் திட்டம் 2024 ஜூலையில் வந்தது. நம் ஐந்து சென்ட் அதற்குள் அடங்கும். நான் இங்கே இரு பக்கமும் ஐந்தடி, முன்னால் 14 அடி, பின்னால் 10 அடி என்று விட்டுவிடுகிறேன். மிஞ்சுவது 23 அடி அகலமும் 42 அடி நீளமும் உள்ள செவ்வகம், 966 சதுர அடி. வீடு இதற்குள்தான் அமைய வேண்டும்.

காற்று, வெயில், மழை

இந்தப் பகுதியை யாரும் வரைந்து கொடுக்க மாட்டார்கள், நீங்களேதான் மனையில் நின்று பார்த்து எழுத வேண்டும். ஆனி, ஆடியில் ஒரு நாளும், சித்திரையில் பிற்பகல் நான்கு மணிக்கு ஒரு நாளும் நின்று பார்ப்பது நல்லது. காற்றும் சாரலும் மேற்கு, தென்மேற்குச் சுவர்களில் மோதும். கோடையின் மாலை வெயிலும் அதே மேற்குச் சுவரில்தான் இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை மட்டும் எதிர்த்திசையிலிருந்து வந்து வாசல் பக்கத்தை நனைக்கும்.

ஆகவே மேற்குச் சுவர் முழுவதையும் வீட்டின் கேடயமாக எண்ணிக்கொள்ளுங்கள். குளியலறை, சாமான் அறை, பின்கதவை ஒட்டிய சிறு தாழ்வாரம் போன்றவற்றை அந்த ஓரத்தில் வரிசையாக வைத்தால் அறைகளில் வெயிலும் ஈரமும் இறங்காது. மேற்கில் காற்று நுழைவதற்கு உயரத்தில் அமைந்த சிறு சன்னல்கள் போதும். ஆனால் அது வெளியேறக் கிழக்கிலும் தெற்கிலும் பெரிய சன்னல்கள் வேண்டும், இல்லையென்றால் உள்ளே வந்த காற்று திணறி நிற்கும். மழை செங்குத்தாக விழும் ஊரில் ஒன்றரை அடி சன்ஷேடு போதும். இங்கே மேற்குச் சன்னலுக்கு இரண்டரை அடி நீட்டி, இரு பக்கமும் தடுப்பு இறக்க வேண்டும். கேரளத்தில் புனலூர்ப் பக்கம் போகும்போது வீடுகளின் கூரை சுவரைத் தாண்டி எவ்வளவு தாழ்ந்து வெளியே வந்திருக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். 1956 நவம்பர் 1 வரை நாமும் அவர்களோடு திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தோம், ஆனால் கான்கிரீட் வந்தபின் அந்தத் தாழ்ந்த கூரையை விட்டுவிட்டோம்.

அடுக்களைக்கும் காற்றே வழி சொல்லும். வாஸ்து பார்ப்பவர்கள் அடுக்களையைத் தென்கிழக்கு அக்கினி மூலையில் வைக்கச் சொல்வார்கள், அது முடியாவிட்டால் வடமேற்கு வாயு மூலையைக் காட்டுவார்கள். நம் வட்டாரத்தில் இந்த இரண்டாவது வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். காற்று மேற்கிலிருந்து வருவதால் வடமேற்கில் வதக்கும் மிளகாயின் நெடி வீடு முழுவதும் சுற்றிவிட்டுத்தான் வாசல் வழியாக வெளியே போகும். தென்கிழக்கில் இருந்தால் அந்தக் காற்றே புகையைத் தள்ளிக்கொண்டு போகும், காலை வெயிலும் அங்கே விழும். எக்ஸாஸ்ட் ஃபேனையும் மேற்குச் சுவரில் வைக்க வேண்டாம், ஆடிக் காற்று அதன் இறக்கையைப் பின்னோக்கிச் சுழற்றும்.

வீட்டாரின் நடமாட்டத்தை எழுதுங்கள்

இப்போதுதான் குடும்பத்தாரைக் கேட்க வேண்டும். "உனக்கு என்ன அறை வேண்டும்?" என்று கேட்டால் எல்லோரும் பெரிய அறையைத்தான் கேட்பார்கள். அதற்குப் பதிலாக, காலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை யார் எங்கே இருக்கிறார்கள், எங்கிருந்து எங்கே எத்தனை முறை நடக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர் இரவில் இரண்டு முறை எழுந்து கழிவறைக்குப் போகிறார் என்பது இந்தத் தாளை எழுதும்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவர் அறைக்குள்ளேயே கழிவறை வைக்க வேண்டும், இடையில் படி இருக்கக் கூடாது, கதவு இரண்டரை அடியாக இல்லாமல் மூன்றடியாக இருக்க வேண்டும் என்ற மூன்று முடிவுகளும் அங்கிருந்தே வந்தன.

விருந்தாளி எங்கே உட்காருவார், அவர் கண்ணில் படாமல் பிள்ளைகள் குளியலறைக்குப் போக வழி இருக்கிறதா, காய்கறி வாங்கி வந்தவர் பட்டாசாலையை (நடுக்கூடத்தை) குறுக்கே கடக்காமல் அடுக்களைக்குப் போக முடியுமா, அரிசி புடைப்பதும் மீன் கழுவுவதும் எங்கே என்பவற்றையும் எழுதுங்கள். மலையாளக் கரை வீடுகளில் அடுக்களையை ஒட்டி "ஒர்க் ஏரியா" என்று ஓர் இடம் விடுவார்கள். நம் பழைய வீடுகளில் பாத்திரம் கழுவும் இடமான அங்கணம் செய்த வேலையைத்தான் அது செய்கிறது. ஐந்தடிக்கு எட்டடி கிடைத்தாலும் அதை விட்டுவிடாதீர்கள். நடுமுற்றம் வேண்டும் என்ற ஆசையை மட்டும் ஐந்து சென்டில் அடக்கிக்கொள்ளலாம். 23 அடி அகல வீட்டில் திறந்த முற்றம் விட்டால் இருபுறமும் அறைகள் நடைபாதையாகச் சுருங்கும், சாரலும் உள்ளே வந்து தரையை நனைக்கும்.

கட்டத்தாளில் அளவோடு வரைதல்

கிராஃப் தாளில் அரை சென்டிமீட்டருக்கு ஓர் அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு 11.5 சென்டிமீட்டருக்கு 21 சென்டிமீட்டர் என்று ஒரே தாளில் அடங்கும். மனை முழுவதையும் காட்ட இரண்டு தாள்களை ஒட்டிக்கொள்ள வேண்டும்.

புதியவர்கள் எல்லோரும் தவறுவது சுவரின் கனத்தில்தான். வெளிச்சுவர் ஒன்பது அங்குலம், உள்சுவர் நாலரை அங்குலம். 23 அடி அகலத்தில் இரண்டு அறைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டால், வெளிச்சுவர்கள் இரண்டும் ஒன்றரை அடியையும் நடுச்சுவர் நாலரை அங்குலத்தையும் எடுத்துக்கொள்ளும். மிஞ்சும் 21 அடி ஒன்றரை அங்குலத்தில் 10 அடி அறையும் 11 அடி அறையும் போக எஞ்சுவது ஒன்றரை அங்குலம், அதையும் பூச்சு தின்றுவிடும். ஒற்றைக் கோட்டால் சுவர் வரைந்து "பதினொன்றரைக்குப் பதினொன்றரை" என்று மகிழ்ந்தவர்கள் கட்டில் வாங்கும்போதுதான் வருந்துவார்கள். சுவரை எப்போதும் இரட்டைக் கோடாக வரையுங்கள்.

பத்தும் பதினொன்றும் மனையடி சாஸ்திரத்தில் நல்ல அளவுகளாகவும், பன்னிரண்டு ஆகாததாகவும் சொல்லப்படுவதால் வீட்டுப் பெரியவர்களும் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை. ஆனால் அந்தக் கணக்கு அறையின் உள் அளவுக்கு உரியது என்பதைக் கொத்தனாரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். மலையாள ஆசாரி வேலைக்கு வந்தால் அவர் 72 சென்டிமீட்டர் கோலால் சுற்றளவுக் கணக்குப் பார்ப்பார். இரண்டு கணக்கையும் ஒரே வீட்டில் பொருத்த முயன்றால் எந்தச் சுவரும் நிற்காது, ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

இனி அறைகளை வைக்கலாம். வடகிழக்கில் தார்சாவும் (முன்கூடமும்) வாசலும், தென்கிழக்கில் அடுக்களை, நடுவில் பட்டாசாலையும் சாப்பிடும் இடமும் இடையே சுவரின்றி, தென்மேற்குக் கன்னிமூலையில் பெரிய படுக்கையறை, வடமேற்கில் மற்றோர் அறையும் குளியலறையும் என்று தொடங்கிப் பாருங்கள். தென்மேற்கு அறைக்குப் பெரிய சன்னலைத் தெற்கில் கொடுத்துவிடலாம். வாசலும் புறவாசலும் நேருக்கு நேர் இருந்தால் காற்று நன்றாக ஓடும். ஆனால் ஆடியில் கதவுகள் அறைந்து சாத்திக்கொள்ளும் என்பதால் ஒவ்வொரு கதவுக்கும் கொக்கி வேண்டும்.

பிறகு மரச்சாமான்களை அதே அளவில் அட்டையில் வெட்டித் தாளின் மேல் நகர்த்திப் பாருங்கள். கட்டில் ஐந்தடிக்கு ஆறரை அடி, அலமாரியின் ஆழம் இரண்டடி, அதன் முன்னால் கதவு திறந்து நிற்க இரண்டரை அடி, அடுக்களை மேடை இரண்டடி. அறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைக் கால்வட்டமாக வரைந்தால், கட்டிலில் இடிக்கும் கதவும் சுவிட்சை மறைக்கும் கதவும் தாளிலேயே தெரிந்துவிடும். அழிரப்பர் செங்கல்லைவிட மலிவு.

மாடிப்படி அதிக இடம் கேட்கும் பகுதி, அதைக் கடைசியில் மிஞ்சிய இடத்தில் திணிக்கக் கூடாது. தரையிலிருந்து மேல்தளம் வரை பத்தரை அடி என்றால், ஏழு அங்குல உயரத்தில் 18 ஏற்றங்கள் வரும். இரண்டாக மடித்தால் ஒரு பாதிக்கு ஒன்பது ஏற்றம், எட்டு மிதிபடி. மிதிபடி பத்து அங்குலம் என்றால் 6 அடி 8 அங்குலம், திரும்பும் தளத்துக்கு மூன்றடி, ஆக நீளம் 9 அடி 8 அங்குலம். அகலம் ஆறரை அடி வேண்டும். இந்தச் செவ்வகத்தை முதலிலேயே வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் மாடியை வாடகைக்கு விட எண்ணினால் படி வெளியே, கிழக்குப் பக்கம் வரட்டும். மேற்கில் வைத்தால் சாரலில் பாசி பிடித்து வழுக்கும்.

கிணறோ ஆழ்துளைக் குழாயோ வடகிழக்கில் வைப்பது வழக்கம், கழிவுநீர்த் தொட்டி வடமேற்கில். 66 அடி நீள மனையில் இரண்டையும் இரு கோடிகளுக்குத் தள்ளினால் இடையே 50 அடி கிடைத்துவிடும். பக்கத்து வீட்டுக் கிணறு உங்கள் தொட்டியிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் அதே தாளில் குறித்துவிடுங்கள். மழைநீர்ச் சேகரிப்புக் குழியும் கட்டாயம் என்பதால் அதற்கும் இப்போதே இடம் ஒதுக்க வேண்டும்.

தரையில் சுண்ணாம்புக் கோடு

பொறியாளரிடம் கொடுப்பதற்கு முன், வரைபடத்தை மனையில் உண்மை அளவில் போட்டுப் பாருங்கள். மூலைகளில் முளை அடித்துக் கயிறு கட்டி, 3, 4, 5 அடி முக்கோணத்தால் மூலை மட்டம் பார்க்க வேண்டும். 23க்கு 42 அடி வீட்டின் குறுக்களவு 47 அடி பத்தரை அங்குலம் வந்தால் செவ்வகம் சரி. பிறகு ஒவ்வொரு சுவரையும் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டு, கதவு வரும் இடத்தில் கோட்டை விட்டுவிடுங்கள்.

வெறும் மண்ணில் போட்ட அறை எப்போதும் சிறியதாகத்தான் தெரியும், அதற்காகப் பயந்து சுவரை நகர்த்த வேண்டாம். வீட்டிலிருந்து ஒரு கட்டிலையும் நான்கு நாற்காலிகளையும் கொண்டு போய் உள்ளே போட்டுவிட்டு, நீங்கள் எழுதிய நடமாட்டத் தாளின்படி ஒவ்வொருவரும் நடந்து பார்க்கட்டும். அம்மா அடுக்களைக் கோட்டுக்குள் மேடை இருக்கும் இடத்தில் நின்றுகொண்டு, "இங்கே நின்றால் கேட்டுக்கு யார் வந்தார்கள் என்று தெரியவில்லையே" என்றார். கிழக்குச் சன்னலை வடக்கே இரண்டடி தள்ளினோம். அந்த மாற்றத்தையும் தாளில் குறித்து, திசை, காற்று, கிணறு, மூலைக் குறுக்களவுகள் எல்லாம் எழுதிய வரைபடத்தின் ஒரு நகலைப் பொறியாளரிடமும் மற்றொன்றைக் கொத்தனாரிடமும் கொடுத்தேன்.