அவுட்லுக் புதுசு வாங்கும் முன் பார்க்க வேண்டிய தேதி

மெயில், காலண்டருக்காகப் புது அவுட்லுக் வாங்கும் முன், கையில் உள்ள பதிப்புக்கு ஆதரவு முடியும் தேதியைப் பாருங்கள். 'ஃபைல்', அப்புறம் 'ஆஃபீஸ் அக்கவுன்ட்' போனால் பதிப்பு தெரியும். 2016, 2019 இரண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. 2021-க்கு 2026 அக்டோபர் 13. அதன் பிறகும் மென்பொருள் ஓடும், பாதுகாப்புத் திருத்தம்தான் வராது. தேதி பாக்கி இருந்தால், புது வசதிக்காக மட்டும் காசு போட வேண்டாம் என்பேன்.

தேதி போய்விட்டதா? மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் அரிசி ஆலை, உரக்கடை நடத்துபவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருளே போதும். ஐமேப் முறைக் கணக்கென்றால் மெயில் உங்கள் மெயில் நிறுவனத்தின் சர்வரில் இருக்கும், அவுட்லுக், தண்டர்பேர்ட் இரண்டையும் கொஞ்ச நாள் சேர்த்தே ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் அந்தக் கணக்கில் அவுட்லுக் காலண்டர் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடக்கும். நெல் லோடு வரும் நாள், ஜிஎஸ்டி கெடு எல்லாம் அதில்தானே! 'சேவ் காலண்டர்' கொடுத்து தண்டர்பேர்டிலும் திறக்கும் ஐசிஎஸ் கோப்பாக எடுத்து வையுங்கள்.

மாதச் சந்தாவில் இருப்பவர்களுக்கும், மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சில் பொதுக் காலண்டர் வைத்திருக்கும் அலுவலகங்களுக்கும் இது பொருந்தாது. மற்றவர்களும் சம்பா அறுவடை நேரத்தில் மாற்றாதீர்கள்.