கட்-ஆஃபை மட்டும் நம்பலாமா? சட்டப் படிப்பு வாய்ப்பைக் கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிளஸ் டூ முடிவு வெளியான அன்று மாலையே, சேலத்தில் சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைகளின் வீடுகளில் சென்ற ஆண்டின் கட்-ஆஃப் பட்டியலைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அதிலுள்ள எண் தங்கள் மதிப்பெண்ணைவிடக் கூடுதலாக இருந்தால் விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுவோரும், குறைவாக இருந்தால் விடுதிக்குப் பெட்டி வாங்கக் கிளம்புவோரும் உண்டு. அந்த எண் எப்படி உருவாகிறது என்பதை இரு தரப்பினரும் யோசிப்பதில்லை. கலந்தாய்வு முடிந்த பிறகு, ஒரு கல்லூரியில் ஒரு பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண்ணே கட்-ஆஃப் எனப்படுகிறது. கல்லூரி அதை முன்கூட்டியே விதிப்பதில்லை. விண்ணப்பித்தோர் எத்தனை பேர், வினாத்தாள் எளிதாக இருந்ததா, முன்னணியில் இருந்தவர்களில் எத்தனை பேர் வேறு படிப்புக்குப் போனார்கள் என்பதைப் பொறுத்து அது ஆண்டுதோறும் ஏறும், இறங்கும். முதல் சுற்றின் எண்ணையே இறுதி எண்ணாக எடுத்துக்கொள்வதும் இதே வகைத் தவறுதான்.

அடுத்தது, இரண்டு வேறு வழிகளை ஒன்றாகக் குழப்பிக்கொள்வது. தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகளில், சேலம் அரசு சட்டக் கல்லூரி உட்பட, ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான் தரவரிசையைத் தீர்மானிக்கிறது. திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகமோ, தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான கிளாட் தேர்வைப் பார்க்கிறது. அங்கே பிளஸ் டூ மதிப்பெண், பொதுப்பிரிவினருக்கு 45 விழுக்காடு என்ற தகுதி வரம்பைத் தாண்டினால் போதும். 600க்கு 570 எடுத்தவரும் 300 எடுத்தவரும் கிளாட் தரவரிசையில் சமமாகவே தொடங்குகிறார்கள். நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் கல்லூரி மதிப்பெண்ணையும் ஒன்றாகக் கலந்து வாய்ப்பைச் சொல்லும் இணையக் கணிப்பான்கள், அந்நாட்டுச் சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வான எல்சாட்டும் பட்டப்படிப்பு மதிப்பெண்ணும் சேர்த்துப் பார்க்கப்படும் அமெரிக்கச் சேர்க்கைக்காக உருவானவை. அவற்றில் நம் எண்களைப் போட்டுப் பார்ப்பது பொழுதுபோக்குக்கு மட்டுமே உதவும்.

கிளாட் கணக்கிலும் பிழைகள் நேர்கின்றன. 2023 டிசம்பரில் நடந்த தேர்விலிருந்து வினாக்களின் எண்ணிக்கை 150இலிருந்து 120ஆகக் குறைந்தது. ஆகவே அதற்கு முந்தைய ஆண்டின் 90 மதிப்பெண்ணும் இப்போதைய 90 மதிப்பெண்ணும் ஒன்றல்ல. விகிதப்படி மாற்றிக்கொண்டாலும் வினாத்தாளின் கடினம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், மதிப்பெண்ணை விடுத்துத் தரவரிசை எண்ணை ஒப்பிடுவதே சரி. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் 0.25 கழியும் என்பதை மாதிரித் தேர்வு எழுதும் பிள்ளைகள் அறிந்திருந்தும், வாய்ப்பைக் கணிக்கும்போது மறந்துவிடுகிறார்கள்: 85 விடைகள் சரி, 25 தவறு என்றால் கையில் நிற்பது 78.75 மட்டுமே. ஐந்து மாதிரித் தேர்வுகளில் 58, 71, 62, 60, 66 எடுத்தவர் தன்னை 71க்குரியவராக நினைத்துக்கொள்வது இயல்புதான். ஆனால் கணக்குக்கு எடுக்க வேண்டியது நடுவில் நிற்கும் 62.

இட ஒதுக்கீட்டில் நேரும் தவறுகள்தான் என் பார்வையில் மிகுந்த இழப்பைத் தருகின்றன. மாநிலக் கலந்தாய்வில் பொதுப்போட்டிக்குரிய 31 விழுக்காடு இடங்கள் எல்லாச் சமூகத்தினருக்கும் திறந்தவை. ஆனால் தன் பிரிவின் பட்டியலை மட்டும் பார்த்துத் துவண்டுபோகும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தோருக்கு, 2021இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, சட்டப் படிப்பிலும் 7.5 விழுக்காடு முன்னுரிமை உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்கள் தங்களையும் இதில் சேர்த்துக்கொண்டு கணக்குப் போடுவதைப் பார்த்திருக்கிறேன்; அவர்களுக்கு இது பொருந்தாது.

ஏற்காட்டு மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளின் நிலை இன்னும் நுட்பமானது. பழங்குடியினருக்கான ஒதுக்கீடு 1 விழுக்காடு. அதாவது நூறு இடங்களுக்கு ஓர் இடம். ஒரே ஒருவர் சேர்ந்த பிரிவின் கட்-ஆஃப் என்பது அந்த ஒருவரின் மதிப்பெண்ணைத் தவிர வேறொன்றுமில்லை. ஓர் ஆண்டில் நன்றாகப் படித்த ஒருவர் விண்ணப்பித்திருந்தால் அது மலையுச்சிக்கு ஏறும். அவர் மருத்துவத்துக்குப் போயிருந்தால் சட்டென அடிவாரத்துக்கு இறங்கும். இத்தகைய எண்ணைப் பார்த்து ஏறுவதா, திரும்புவதா என்று முடிவெடுப்பதற்கு அடிப்படையே இல்லை. மூன்று நான்கு ஆண்டுகளின் எண்களைச் சேர்த்துப் பார்த்தால் ஓரளவு நெருங்கலாம். அதற்கும் மேலாக, எண் எதுவானாலும் விண்ணப்பித்துவிடுவதே நல்லது. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: பழங்குடியினர் சான்றை வழங்குபவர் வட்டாட்சியர் அல்லர், வருவாய்க் கோட்டாட்சியர். அந்தச் சான்று உரிய நாளில் கையில் இல்லையென்றால், அந்தப் பட்டியலை நம்பிப் போட்ட கணக்கு எதுவும் செல்லாது.