கோல்ஃப் ஆடாமலே கோல்ஃப் இங்கிலீஷ்: தொடக்கநிலையினருக்கு ஒரு செய்முறை

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ‘கோல்ஃப்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘எங்க, குவைத்தா மஸ்கட்டா?’ என்றுதான் அடுத்த கேள்வி வரும். தெருவுக்கு நாலு பேர் கல்ஃபில் இருக்கும் ஊரில் அது நியாயமான கேள்விதான். நான் சொல்வது அந்தக் கல்ஃப் இல்லை. நீளமான ஒரு கோலால் சின்னப் பந்தை அடித்து, தொலைவில் இருக்கும் குழிக்குள் விழவைக்கும் விளையாட்டு.

ஆடத் தெரிய வேண்டாம், அதற்குக் காசும் வேண்டாம். ஆனால் அந்த விளையாட்டிலிருந்து கிளம்பிய சொற்கள் இங்கிலீஷ் பேசும் இடமெல்லாம் திரிகின்றன. நாகர்கோவிலில் ரயிலேறித் திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கு ஐடி வேலைக்குப் போகிறவர் மீட்டிங்கில் கேட்பார். மார்த்தாண்டத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு லண்டன் போகிறவர் வார்டில் கேட்பார். இவற்றைப் பட்டியலாக மனப்பாடம் செய்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். கோல்ஃப் சொற்களில் ஒரு வசதி என்னவென்றால், பெரும்பாலானவை மைதானத்தில் ஏதோ ஓர் இடத்தைச் சேர்ந்தவை. இடத்தை நினைத்தால் சொல் வந்துவிடும். அதனால் இங்கே பட்டியல் போடப் போவதில்லை. ஒரே ஒரு குழியை முதலிலிருந்து கடைசிவரை நடந்து பார்க்கப் போகிறோம்.

படி 1: மணலில் மைதானத்தை வரையுங்கள்

சொத்தவிளையோ சங்குத்துறையோ, எந்தக் கடற்கரையும் போதும். வீட்டு முற்றமும் சரிதான். கடற்கரை இதற்குப் பொருத்தமான இடமும்கூட. ஸ்காட்லாந்தில் இந்த விளையாட்டு வளர்ந்ததே கடலோர மணல்மேடுகளில்தான். அங்கே 1457இலேயே மன்னர் இரண்டாம் ஜேம்ஸ் காலத்து நாடாளுமன்றம் கோல்ஃபுக்குத் தடை போட்டது. ஆட்கள் வில்வித்தை பழகாமல் பந்தடித்துக்கொண்டு திரிகிறார்கள் என்பது புகார்.

ஒரு குச்சியால் கோடு போடுங்கள். தொடங்கும் இடத்தில் ஒரு சின்னச் சதுரம். அதன் பெயர் டீ. பந்தைத் தூக்கி வைக்கிற சிறு ஆணிக்கும் அதே பெயர்தான். அங்கிருந்து நீளமாக ஒரு பாதை. அது புல்லை ஒட்ட வெட்டிய ஃபேர்வே. பாதையின் இரண்டு பக்கமும் புல் வெட்டாத பகுதி ரஃப். நடுவில் ஆங்காங்கே மணல் பள்ளம் பங்கர். பாதையின் முடிவில் வழவழவென்று புல் வெட்டிய வட்டம் கிரீன். அதற்குள்தான் குழி.

குழிக்கு ரப்பர் பால் பிடிக்கிற சிரட்டை ஒன்றை மண்ணில் புதைத்துக்கொள்ளலாம். உண்மையான குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், நல்ல பெரிய சிரட்டையின் வாயளவு. பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, எடை 45.93 கிராமைத் தாண்டக் கூடாது. முழு ஆட்டத்துக்கு இப்படி 18 குழிகள். நமக்கு ஒன்று போதும்.

படி 2: ‘பார்’ என்ற கணக்கை முதலில் பிடியுங்கள்

மொத்த விஷயத்தின் சாவி இதில்தான் இருக்கிறது, இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

நல்ல ஆட்டக்காரர் ஒரு குழியைப் பந்தை எத்தனை முறை அடித்து முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதுதான் பார். குழியின் தொலைவைப் பொறுத்து அது பெரும்பாலும் 3, 4 அல்லது 5. நான்கு அடி என்று குறித்த குழியை மூன்றில் முடித்தால் பேர்டி, இரண்டில் முடித்தால் ஈகிள். ஐந்து ஆகிவிட்டால் போகி. போகிப் பண்டிகையை நினைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. இந்த ஆட்டத்தில் எண்ணிக்கை குறையக் குறையக் கெட்டிக்காரர். ரன் கூடினால் கைதட்டிப் பழகிய கிரிக்கெட் மூளைக்கு இது முதலில் இடிக்கும்.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டு கோல்ஃப் வீராங்கனை அதிதி அசோக் நான்காவதாக வந்தது நினைவிருக்கும். நான்கு நாள் ஆட்டத்தில் அவர் கணக்கு 15 அண்டர் பார், அதாவது பாரை விட 15 அடி குறைவு. வெண்கலம் வாங்கியவர் 16 அண்டர். ஒரே ஒரு அடியில் பதக்கம் போனது. ஆக, கோல்ஃபில் ‘அண்டர் பார்’ என்றால் பிரமாதம்.

இப்போது வார்டுக்கு வாருங்கள். இங்கிலாந்தில் ஒரு பெரியவர் காலையில் ‘ஐம் ஃபீலிங் எ பிட் பிலோ பார் டுடே’ என்கிறார். கோல்ஃப் கணக்கை வைத்து ‘ஆகா, நன்றாக இருக்கிறார்போல’ என்று சிரித்துவிட்டுப் போனால் வம்பு. அவர் சொல்வது ‘உடம்பு சரியில்லை’ என்று. ‘அண்டர் பார்’ என்றாலும் அதேதான். அன்றாடப் பேச்சில் பாருக்குக் கீழே என்றால் மட்டம், எதிர்பார்த்த தரம் இல்லை.

ஏன் தலைகீழ்? பார் என்பது கோல்ஃபுக்கு முன்பே பங்கு வணிகத்தில் புழங்கிய சொல். பங்கின் முகமதிப்பு அது. அதற்குக் கீழே விலை போனால் நஷ்டம்தானே? அன்றாடப் பேச்சு அந்தப் பழைய பொருளையே பிடித்துக்கொண்டது. கோல்ஃப் மட்டும் தன் கணக்கின்படி அதைப் புரட்டிவிட்டது.

பாரோடு வரும் இன்னும் இரண்டு தொடர்கள் நன்றாகப் பயன்படும். ‘ஆன் எ பார் வித்’ என்றால் சரிசமம். ‘நத்திங் இஸ் ஆன் எ பார் வித் அவர் மட்டி பனானா’ என்று வெளியூர் நண்பரிடம் சொல்லலாம், நான் வழிமொழிகிறேன்.

இரண்டாவது ‘பார் ஃபார் த கோர்ஸ்’. எதிர்பார்த்ததுதான், புதிதாக ஒன்றும் இல்லை என்று பொருள். ஜூன் மாதம் கடல் கொந்தளிக்கிறது, விவேகானந்தர் பாறைக்குப் படகை நிறுத்திவிட்டார்கள். கூட வந்தவர் புலம்பினால் ‘பார் ஃபார் த கோர்ஸ் இன் ஜூன்’ எனலாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்தத் தொடரில் சலிப்பு கலந்திருக்கும். பெரும்பாலும் பிடிக்காத விஷயத்துக்குத்தான் வரும். நண்பர் மகள் மாவட்டத்தில் முதல் மதிப்பெண் எடுத்தால் வாழ்த்துவதற்கு இதை எடுக்காதீர்கள், குத்தலாகக் கேட்கும்.

எனவே ஒவ்வொரு தொடரையும் எழுதும்போது பொருளோடு நிறுத்தாமல் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். நல்லதுக்குச் சொல்வதா, கெட்டதுக்கா, இரண்டுக்குமா? அகராதி பொருளைத் தந்துவிடும். பல நேரம் இந்தக் குறியைத் தராது.

படி 3: உச்சரிப்பு

நம் எழுத்தில் எழுதினால் சில சொற்கள் குழம்பும். பார் என்பதில் வருவது ‘பல்’லின் ப. மதுக்கடை பார் வேறு. மாற்றிச் சொன்னால் நீங்கள் எங்கே போய்விட்டு வந்தீர்கள் என்று சந்தேகம் வரும். டீ என்பது சாயா குடிக்கிற டீயைப் போலவே ஒலிக்கும், வேறுபாடே இல்லை. கிரீனில் பந்தை மெதுவாக உருட்டுவது பட். ‘ஆனால்’ என்ற பொருளில் வரும் பட் போலவே ஒலிக்கும், முதல் எழுத்து மட்டும் ‘பல்’லின் ப. பந்து யார் மேலாவது படப்போகிறது என்றால் ‘ஃபோர்!’ என்று கத்துவார்கள். அது எண் நான்கு இல்லை, பவுண்டரியும் இல்லை, ஒதுங்கு என்ற எச்சரிக்கை.

படி 4: டீயிலிருந்து குழிவரை நடங்கள்

மணலில் வரைந்த பாதையில் உண்மையாகவே நடங்கள். ஒவ்வோர் இடத்திலும் நின்று அந்த இடத்துத் தொடரைச் சத்தமாக ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். பார்க்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

டீயில் நிற்கிறீர்கள். பந்தை ஆணிமேல் வைப்பது ‘டீ அப்’. அலுவலகத்தில் ‘ஐ வில் டீ அப் எ கால் வித் த க்ளையன்ட்’ என்றால், பேச ஏற்பாடு செய்து வைக்கிறேன் என்று பொருள். முதல் அடி ‘டீ ஆஃப்’, தொடங்குவது. ஆனால் அமெரிக்கர் ஒருவர் ‘ஐம் டீட் ஆஃப்’ என்றால் அவர் எரிச்சலில் இருக்கிறார். அந்த நேரத்தில் லீவு கேட்காதீர்கள்.

கோலை வீசியாயிற்று. பந்தில் பட்ட பிறகும் கையை நிறுத்தாமல் வீச்சை முழுமையாக முடிக்க வேண்டும். அதுதான் ‘ஃபாலோ த்ரூ’. வேறு விளையாட்டுகளிலும் உண்டு. இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். சொன்னதைக் கடைசிவரை செய்து முடிப்பது என்ற பொருளில் தினமும் வரும். ‘ஹி பிராமிஸ்ட் அஸ் எ ரோடு, பட் ஹி டிட் நாட் ஃபாலோ த்ரூ.’ தேர்தல் முடிந்த எந்த ஊரிலும் இந்த வாக்கியத்துக்கு வேலை இருக்கும்.

ஃபேர்வே நேராகப் போகாமல் சட்டென்று மடங்கினால் அது டாக்லெக். சாலை வளைவுக்கும் அதே சொல். பேச்சிப்பாறைக்கு வழி சொல்லும்போது உதவும்.

ரஃப், பங்கர் இரண்டும் மாட்டிக்கொள்ளும் இடங்கள். மைதானத்துக்கு வெளியே பங்கர் என்றால் குண்டுவீச்சுக்குப் பதுங்கும் நிலவறை, செய்திகளில் கேட்டிருப்பீர்கள். இங்கே அதிகம் நிற்க வேண்டாம்.

கிரீனுக்கு வந்துவிட்டோம். பந்து குழிக்கு மிக அருகில் கிடக்கிறது, தவறவே முடியாது என்றால் எதிராளி ‘சரி, போட்டதாகவே வைத்துக்கொள்’ என்று விட்டுக்கொடுப்பார். அது கிம்மி. இன்டர்வியூவில் மிகச் சுலபமான கேள்வி வந்தால் ‘தட் கொஸ்டின் வாஸ் எ கிம்மி’. பழைய காலத்தில் எதிராளியின் பந்து உங்கள் பந்துக்கும் குழிக்கும் நடுவில் வழிமறித்துக் கிடந்தால் அதை எடுக்கச் சொல்ல முடியாது. அந்த நிலைக்கு ஸ்டைமி என்று பெயர். 1952இல் விதியையே எடுத்துவிட்டார்கள், சொல் மட்டும் தங்கிவிட்டது. ‘த ப்ராஜெக்ட் வாஸ் ஸ்டைமிட் பை ரெயின்’ என்றால் மழை குறுக்கே வந்து வேலையை முடக்கிவிட்டது. வருடத்தில் இரண்டு பருவமழையும் பார்க்கிற நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. பந்து எதன்மேலோ தற்செயலாகப் பட்டுத் திசை மாறினால் ‘ரப் ஆஃப் த கிரீன்’. அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, நம் கையில் இல்லாதது.

முதல் அடியிலேயே பந்து குழிக்குள் போனால் ‘ஹோல் இன் ஒன்’. முதல் முயற்சியிலேயே கச்சிதமாக முடிந்த எதற்கும் சொல்லலாம்.

மோசமாக அடித்துவிட்டால்? நண்பர்களுக்குள் ஆடும்போது ‘அதைக் கணக்கில் சேர்க்காதே, இன்னொன்று அடிக்கிறேன்’ என்பார்கள். அது மல்லிகன். விதிப் புத்தகத்தில் கிடையாது, சலுகை மட்டும். ‘கேன் ஐ டேக் எ மல்லிகன் ஆன் தட் ஆன்ஸர்?’ என்று இன்டர்வியூவில் கேட்பதைவிடத் தெரிந்த மேலாளரிடம் சிரித்துக்கொண்டு கேட்பது பாதுகாப்பு.

ஹேண்டிகேப் என்ற சொல்லில் மட்டும் கவனம். கோல்ஃபில் அது திறமை குறைந்தவருக்கும் சமவாய்ப்புக் கிடைக்க அடிக்கணக்கில் தரும் கழிவு. அங்கே தாராளமாகச் சொல்லலாம். மாற்றுத்திறனாளிகளைக் குறிக்க இன்று அதைப் பயன்படுத்துவது மரியாதைக் குறைவு.

படி 5: வீட்டில் ஒருவரைப் பிடியுங்கள்

ஒருவர் தமிழில் ஒரு நிலைமையைச் சொல்ல, மற்றவர் பொருத்தமான தொடரைச் சொல்ல வேண்டும். இப்படி:

‘எக்கா, இன்னைக்கும் மார்த்தாண்டத்துல பஸ்சு அரை மணிக்கூர் லேட்டாக்கும்.’
‘பார் ஃபார் த கோர்ஸ்.’
‘முதல் தடவையே லைசென்ஸ் டெஸ்ட் பாஸாயிட்டேன்.’
‘ஹோல் இன் ஒன், மக்களே!’
‘அம்மைக்கு ரெண்டு நாளா ஒரு உஷாரில்ல.’
‘ஷி இஸ் பிலோ பார்.’

யோசித்து மொழிபெயர்க்க நேரம் கொடுக்காதீர்கள். பதில் வரவில்லை என்றால் மைதானத்தில் அந்த இடம் எது என்று மட்டும் கேளுங்கள்.

படி 6: காதைத் தீட்டுங்கள்

யூடியூபில் பெரிய போட்டிகளின் தொகுப்புகள் கிடைக்கின்றன. கேட்டுப் பழகக் கோல்ஃப் வர்ணனை அருமையானது என்பது என் கருத்து. பக்கத்தில் ஒருவர் குறிபார்த்துக்கொண்டிருப்பதால் வர்ணனையாளர்கள் தணிந்த குரலில், இடைவெளி விட்டுப் பேசுவார்கள். கால்பந்து வர்ணனையில் மூச்சு விடக்கூட இடம் கிடைக்காது. முதல் முறை சப்டைட்டில் இல்லாமல் பாருங்கள். இரண்டாம் முறை சப்டைட்டிலோடு, காதில் விழுந்த சொற்களை எழுதிக்கொண்டு பாருங்கள். கண்ணால் பார்க்க ஆசை இருந்தால் திருவனந்தபுரம் கவடியாரில் கோல்ஃப் மைதானம் உண்டு.

படி 7: எதைப் பேச, எதைப் புரிந்துகொள்ள

எல்லாவற்றையும் பேச்சில் திணிக்க வேண்டியதில்லை. ஃபாலோ த்ரூ, ஆன் எ பார் வித், பார் ஃபார் த கோர்ஸ், பிலோ பார் ஆகிய நான்கையும் நீங்களே பேசுங்கள். ஸ்டைமி, மல்லிகன், ரப் ஆஃப் த கிரீன் போன்றவை அடுத்தவர் சொன்னால் புரிந்தால் போதும். கல்ஃபில் உங்களோடு வேலை செய்யும் பிலிப்பினோவுக்கும் எகிப்தியருக்கும் இவை தெரியாமல் இருக்கலாம், அங்கே நேராகச் சொல்வதே நல்லது.

வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ் என்ற இங்கிலீஷ் தேர்வு எழுதுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. பேச்சுத் தேர்வில் இடமறிந்து ஒன்றிரண்டு வந்தால் நன்றாக இருக்கும். கட்டுரைப் பகுதியில் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே கேட்பது முறையான நடை. ‘பார் ஃபார் த கோர்ஸ்’ என்று எழுதத் தோன்றும் இடத்தில் ‘அஸ் எக்ஸ்பெக்டட்’ என்று எழுதினால் வேலை முடிந்தது.