நம்பர் பிளேட் ஆடினால்தான் உடையும்

குமரி மாவட்டம் தக்கலையில் எனக்கு ஒரு சின்ன ஸ்டிக்கர் கடை. கடை போர்டு, கோயில் கொடை பேனர், ஆட்டோவின் பின்னால் ஒட்டும் வாசகம் என்று எது வந்தாலும் செய்து கொடுப்போம். முன்பு சோறு போட்டது நம்பர் பிளேட்தான். 2019 ஏப்ரல் 1-க்குப் பிறகு தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு பிளேட் ஷோரூமிலேயே மாட்டி வந்துவிடுகிறது. அதனால் புதிதாக எழுத வருகிறவர்கள் குறைந்து, உடைந்ததைக் கொண்டுவருகிறவர்கள் கூடிவிட்டார்கள்.

அதில் பாதிப் பேர் மீன்காரர்கள். குளச்சலிலும் குறும்பனையிலும் மீன் எடுத்து, பைக்கின் பின்னால் பெட்டி வைத்துக் கட்டி ஊர் ஊராய்ப் போகிறவர்கள். ஐஸ் உருகிச் சொட்டும் உப்புத் தண்ணீர் நேரே பிளேட்டின் மேல்தான் விழும். அடுத்து குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் ஷீட்டு கட்டிக்கொண்டு வருகிறவர்கள். அவர்கள் வண்டியில் கட்டு சரிந்து பிளேட்டின் மேல் விளிம்பு மடங்கியிருக்கும். வருகிறவர்கள் சொல்வதெல்லாம் ஒன்றுதான்: “அண்ணே, ஒரு கம்பி வச்சு கெட்டித் தாருங்க, போதும்.” கம்பி கட்டினால் போதாது. கம்பி தகட்டை அறுக்கும். அடுத்த மழைக்குள் இன்னொரு இடத்தில் கிழியும்.

பிளேட் நடுவில் பிளந்து வருவது அபூர்வம். விரிசல் எப்போதும் போல்ட் துளையில்தான் தொடங்கும். காரணம் எளிது. பின் பிளேட் 200-க்கு 100 மில்லிமீட்டர், தகட்டின் கனம் 1 மில்லிமீட்டர்தான். அதைப் பிடித்திருப்பது இரண்டு போல்ட். மீதித் தகடு அந்தரத்தில் நிற்கிறது. எஞ்சின் அதிரும்போதும், சாலைப் பள்ளத்தில் இறங்கும்போதும், ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று அடிக்கும்போதும் அது துளையைச் சுற்றி மடங்கி மடங்கி நிமிர்கிறது. முதலில் துளை நீளும், அப்புறம் ஓரத்தில் மயிரிழை விரிசல். கடலோர வண்டிகளுக்கு இன்னொரு வினையும் உண்டு. அலுமினியமும் இரும்பு போல்டும் உப்புத் தண்ணீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால், அரிக்கப்படுவது அலுமினியம்தான். துளையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதுதான் அறிகுறி. ஆகவே கிழிந்த இடத்தை ஒட்டுவது பாதி வேலை. பிளேட் ஆடாமல் முதுகு கொடுப்பதுதான் மீதிப் பாதி.

கருவியை எடுக்கும் முன் என்ன பிளேட் என்று பாருங்கள். மேல் இடது மூலையில் 20 மில்லிமீட்டர் அளவில் நீல நிற அசோகச் சக்கர ஹோலோகிராம், கீழ் இடது மூலையில் லேசரால் செதுக்கிய எண், கழற்ற முடியாத பூட்டு ஆணி. இவை இருந்தால் உயர் பாதுகாப்பு பிளேட். இதில் நான் துளை போட மாட்டேன், ரிவெட் அடிக்க மாட்டேன், எழுத்துக்குப் பெயிண்ட் தொட மாட்டேன். பூட்டு ஆணி ஒருமுறை உடைந்தால் திரும்ப மாட்ட முடியாது, அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். தகடு கிழிந்துவிட்டாலோ, எழுத்து வாசிக்க முடியாமல் போனாலோ ஆர்.சி. புத்தகத்தோடு உங்கள் வண்டி கம்பெனியின் டீலரிடம் போய் மாற்றுப் பிளேட் கேளுங்கள். ஆன்லைனில் பதிவு செய்வதென்றால் சேசிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய பிளேட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். தொலைந்தே போயிருந்தால் முதல் வேலை போலீஸ் புகார். “அதே மாதிரி ஸ்டிக்கர் அடிச்சுத் தாங்க” என்று கேட்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். நான்கு காசு போகிறதே என்றிருக்கும், ஆனாலும் அது செய்யக்கூடாத வேலை.

உயர் பாதுகாப்பு பிளேட் வெறுமனே வளைந்திருக்கிறது, ஆடுகிறது என்றால் கழற்றாமலேயே சரி செய்யலாம். பின்னால் ஒரு மரக்கட்டையை அணைத்துக்கொண்டு, முன்பக்கம் துணி வைத்து உள்ளங்கையால் மெல்ல அழுத்தி நிமிர்த்துங்கள். சுத்தியல் வேண்டாம், புடைத்த எழுத்து சப்பிவிடும். தீயும் காட்டக் கூடாது, ஒளி திருப்பும் படலம் குமிழ் விடும். ஒரே தடவையில் நிமிர்த்துங்கள். அலுமினியம் முன்னும் பின்னும் வளைய வளைய முறுகி, கடைசியில் மடிப்பிலேயே ஒடியும். அப்புறம் பிளேட்டுக்கும் மட்கார்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளந்து, அந்தக் கனத்துக்கு ஏ.சி.பி. ஷீட்டில் ஒரு துண்டு வெட்டி, பூட்டு ஆணி வரும் இடத்தில் கீழிருந்து வாய் பிளந்து, இரண்டு பக்கமும் ஒட்டும் ஃபோம் டேப் போட்டுச் செருகுங்கள். ஒட்டும் முன் இரண்டு பரப்பையும் தின்னர் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட வேண்டும், பிளேட்டின் முன்பக்கம் மட்டும் தின்னர் படக் கூடாது.

ஏ.சி.பி. ஷீட் என்றால் கடை போர்டுகளுக்கு அடிக்கிறோமே, அதுதான். இரண்டு மெல்லிய அலுமினியத் தோலுக்கு நடுவே பிளாஸ்டிக், மொத்தம் 3 மில்லிமீட்டர். துரு பிடிக்காது, எடை இல்லை, ஸ்கேல் வைத்துக் கத்தியால் ஆழமாகக் கீறி மடக்கினால் நேராக ஒடியும். எந்த போர்டு கடையிலும் வெட்டு மிச்சம் கிடக்கும், சிரித்த முகமாகக் கேட்டால் சும்மாவே தருவார்கள்.

இனி பழைய சாதாரண அலுமினிய பிளேட். இதில்தான் தாராளமாகக் கை வைக்கலாம். போல்ட் பெரும்பாலும் 6 மில்லிமீட்டர், 10-ம் நம்பர் ஸ்பேனர் சேரும். துரு இறுகியிருந்தால் டபிள்யூ.டி. 40 அடித்துவிட்டு ஒரு டீ குடித்து வாருங்கள். முரட்டுத்தனமாகத் திருகினால் பிளேட்டோடு மட்கார்டும் கிழியும். கழற்றியதும் நல்ல தண்ணீரில் பழைய பல் பிரஷ் கொண்டு உப்பைத் தேய்த்துக் கழுவுங்கள். கவிழ்த்துத் துண்டின் மேல் வைத்து ரப்பர் சுத்தியலால் தட்டி நிமிர்த்துங்கள்.

விரிசல் முடியும் இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது முக்கியம். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். அந்த முனையில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போடுங்கள். கூர்முனையில்தான் இழுவிசை குவியும். வட்டத் துளை வந்தால் அந்த விசை பரவிவிடும், விரிசல் மேற்கொண்டு ஓடாது. இந்த ஒரு துளையைப் போடாமல் எத்தனை பசை பூசினாலும் வீண். ஃபெவிக்விக் இந்த வேலைக்கு ஆகாது, அதிர்வில் கண்ணாடி மாதிரி தெறித்துவிடும். அரால்டைட் பசை கலந்து, பின்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கித் தடவி, ஏ.சி.பி.யில் வெட்டிய முதுகுத் தகட்டை வைத்து அழுத்துங்கள். தகடு பிளேட்டை விட எல்லாப் பக்கமும் 3 மில்லிமீட்டர் பெரிதாக இருக்கட்டும், அடி விழுந்தால் முதலில் அது வாங்கிக்கொள்ளும். ராத்திரி முழுக்கக் காயவிட்டு, மறுநாள் நான்கு மூலையிலும் எழுத்தில் படாமல் 3.2 மில்லிமீட்டர் அலுமினிய பாப் ரிவெட் அடியுங்கள். நீளம் 8 மில்லிமீட்டர் போதும். பின்பக்கம் ஒரு சின்ன வாஷர் வையுங்கள், இல்லாவிட்டால் ஏ.சி.பி. நடுவிலுள்ள பிளாஸ்டிக்கைப் பிய்த்துக்கொண்டு வரும். பிளேட் அக்ரிலிக் என்றால் ரிவெட் வேண்டாம், பிளந்துவிடும். குளோரோஃபார்ம் வைத்துத்தான் அதை ஒட்டுவோம், அதுவும் காற்றோட்டமான இடத்தில்.

திரும்ப மாட்டும்போது இரும்பு நேரடியாக அலுமினியத்தைத் தொடக் கூடாது. பழைய சைக்கிள் டியூபில் காசு அளவுக்கு வட்டம் வெட்டி, பிளேட்டுக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று. ரப்பர் விளையும் ஊரில் இதற்குக் காசு கொடுத்து வாஷர் வாங்குவது பாவம். ஸ்டெயின்லெஸ் போல்டும், உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டும் போடுங்கள், அதிர்வில் கழலாது. டியூப் லேசாகப் பிதுங்கும் வரை இறுக்கினால் சரி, அதற்கு மேல் இறுக்கினால் ரப்பர் வைத்ததே வீணாகும். பிராக்கெட் இரும்பானால், மாட்டும் முன் துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு பூசிவிடுங்கள்.

சாதாரண பிளேட்டில் எழுத்து போயிருந்தால் வெள்ளையில் கருப்புதான். பைக்கின் பின் பிளேட்டில் எழுத்து உயரம் 35, எண் உயரம் 40 மில்லிமீட்டர், இரண்டுக்கும் கோட்டின் கனம் 7. வண்டியின் பதிவு டி.என். 74 ஆனாலும் 75 ஆனாலும் இந்த அளவு மாறாது. கொம்பு வைத்த எழுத்து கேட்டு வரும் தம்பிமாரிடம், மோட்டார் வாகனச் சட்டம் 177-வது பிரிவில் அபராதம் முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1,500 என்று சொல்லி அனுப்புவேன். மாட்டி முடித்ததும் இருட்டில் பின் லைட்டைப் போட்டு 15 மீட்டர் தள்ளி நின்று வாசித்துப் பாருங்கள், சட்டம் கேட்கும் தூரம் அது.

மீன்காரர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பெட்டியின் அடியில் ஓட்டை போட்டு ஒரு ஓஸ் குழாயைச் செருகி, அதன் முனை பிளேட்டின் கீழ் விளிம்பைத் தாண்டித் தொங்கும்படி மட்கார்டு ஓரமாகக் கட்டிவிடுங்கள். டயரில் மட்டும் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், வளைவில் வண்டி வழுக்கும்.