வேலூர்ல இருந்துகிட்டே வால் நட்சத்திரமும் கடல் பறவையும் பாக்குறது எப்படி

தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டைன்னு நம்ம ஊரைக் கிண்டல் பண்ற லிஸ்ட் உங்களுக்கே தெரியும். சாமி இல்லாத கோயில்னும் அதுல ஒண்ணு இருந்துச்சு, 1981ல ஜலகண்டேஸ்வரர் திரும்ப கோயிலுக்குள்ள வந்ததும் அது செல்லாம போச்சு. அந்த காலி எடத்துக்கு நான் ஒண்ணு சேக்குறேன், கடல் இல்லாத ஊர்ல கடல் பறவை. சிரிக்காதீங்க, புயல் சமயத்துல அதுக்கு சான்ஸ் இருக்கு. அதுக்கும் சரி, வால் நட்சத்திரத்துக்கும் சரி, வேண்டியது ஒரே ஒரு எடம்தான், ஒரு நல்ல ஏரிக்கரை.

ஏன் ஏரிக்கரைன்னா, பளிச்சுன்னு தெரியுற வால் நட்சத்திரம் எல்லாமே பெரும்பாலும் சூரியனுக்குப் பக்கத்துல இருக்கும்போதுதான் பளிச்சுன்னு இருக்கும். அப்படின்னா விடியறதுக்கு கொஞ்சம் முன்னாடி கிழக்க, இல்லன்னா இருட்டுனதும் மேற்க, அதுவும் அடிவானத்தை ஒட்டி. கையை நேரா நீட்டி முஷ்டியை மடக்கிப் புடிச்சா அது வானத்துல சுமாரா 10 டிகிரி, அந்த ஒரு முஷ்டி ஒசரத்துல தான் நமக்கு வேலையே. டவுனுக்குள்ள மொட்டை மாடில நின்னா அந்த ஒசரத்தை மலையோ பக்கத்து வீட்டு தண்ணி டேங்கோ மறைச்சிக்கும். ஆனா நம்ம பக்கம் நிலம் கிழக்கால சரியுது, அதனால நெறைய ஏரிக்கு கரை கிழக்குப் பக்கமாத்தான் இருக்கும். கரை மேல ஏறி நின்னா ஒரு பக்கம் கழனி, கிழக்கு வானம் தொறந்து கெடக்கும், திரும்பி நின்னா தண்ணி, மேற்கு வானம் தொறந்து கெடக்கும். காலைல வர்றதுக்கும் சாயங்காலம் வர்றதுக்கும் ஒரே சீட்டு. பகல்லயே போய் ஒரு தடவை பாத்துட்டு வாங்க, எந்தப் பக்கம் ஹைவே லைட் அடிக்குது, எங்க பனை மரம் மறைக்குது, பைக்கை எங்க நிறுத்துறதுன்னு. ஷூ போட்டுக்கோங்க, டார்ச் இல்லாம புதர்ல கால் வைக்காதீங்க, கண்ணாடி விரியன் உங்க டெலஸ்கோப்பை எல்லாம் மதிக்காது.

டெலஸ்கோப்னு சொன்னதும் ஞாபகம் வருது, அதை வாங்காதீங்க, அதாவது மொதல்லயே வாங்காதீங்க. 7×50 இல்லன்னா 10×50 பைனாகுலர் (மொத நம்பர் எத்தனை மடங்கு பெருசாக் காட்டும், ரெண்டாவது முன் லென்ஸோட அகலம் மில்லிமீட்டர்ல) ஒண்ணு போதும், வானத்துக்கும் அதுதான் பறவைக்கும் அதுதான். வால் நட்சத்திரம் அகலமா பரவிக் கெடக்குற சமாச்சாரம், டெலஸ்கோப்ல பாத்தா அதுல ஒரு துண்டுதான் தெரியும்.

அடுத்து கணக்கு. செய்தில "4வது மேக்னிட்யூட், வெறும் கண்ணால பாக்கலாம்"னு போட்டா நம்பி ஏமாறாதீங்க (மேக்னிட்யூட்ங்கிறது வெளிச்சத்தோட அளவு, நம்பர் கொறைய கொறைய பளிச்சு). நட்சத்திரத்தோட வெளிச்சம் ஒரு புள்ளில இருக்கும், வால் நட்சத்திரத்துக்கு அதே வெளிச்சம் பெரிய எடத்துல பரவி இருக்கும், அதனால அதே நம்பர் போட்டிருந்தாலும் மங்கலாத்தான் தெரியும். பௌர்ணமி பக்கம் வந்தா இன்னும் மோசம். ஸ்டெல்லேரியம் மாதிரி வானத்தைக் காட்டுற ஒரு ஆப்ல தேதியும் நேரமும் போட்டு, எந்த நட்சத்திரத்துக்கு எந்தப் பக்கம், எத்தனை முஷ்டி ஒசரம்னு வீட்டுலயே பாத்து பேப்பர்ல எழுதிக்கோங்க. அங்க போய் போனை நோண்டினா கண்ணு இருட்டுக்குப் பழக எடுத்துக்கிட்ட 20 நிமிஷமும் வீணாப் போயிடும். டார்ச் மேல சிவப்பு கண்ணாடி பேப்பர் ரெண்டு மடிப்பு சுத்திடுங்க. மங்கலா இருக்குறதை நேரா மொறைச்சா காணாமப் போயிடும், கொஞ்சம் ஓரமா பாத்தா தெரியும், கண்ணோட ஓரத்துலதான் இருட்டுல பாக்குற செல்லுங்க அதிகம்.

நான் மொத மொதல்ல ஒழுங்கா பாத்தது 2024ல வந்த சுசின்ஷான் அட்லஸ். செப்டம்பர் 27 அன்னிக்கு சூரியனுக்கு ரொம்பக் கிட்ட போச்சு, அந்த வாரம் விடியக்காலைல கிழக்க தெரியும்னு சொன்னாங்க. மூணு நாள் மேகம். நாலாவது நாள் 4 மணிக்கெல்லாம் கரைல ஒக்காந்துட்டு இருக்கேன், பின்னாடி இருந்து ஒரு டார்ச் மூஞ்சில அடிக்குது.

"யாருபா அது, இன்னா பண்ற இங்க?"

ஏரில மீன் குத்தகை எடுத்தவரோட காவலாளு. நான் மீன் திருட வந்தவன்னு நெனச்சுட்டாரு.

"ஒண்ணும் இல்லண்ணா, வால் நட்சத்திரம் பாக்க வந்தேன்."

"எங்க, காட்டு."

இதுக்கு மேல ஒரு பரீட்சை உண்டா சொல்லுங்க. நல்ல வேளை 5 மணிக்கு மேல, வானம் வெளுக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, பனை மரத்துக்கு வலது பக்கம் புகை மாதிரி ஒரு கோடு நிமிந்து நின்னுச்சு. வால் எப்பவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் தான் நீளும், சூரியன் இன்னும் கீழ இருக்கு, அதனால வால் மேல பாத்து நிக்கும். அவரு பைனாகுலர்ல ரொம்ப நேரம் பாத்துட்டு "இவ்ளோதானா"ன்னாரு. அதுவும் நியாயம்தான், போட்டோல வர்ற மாதிரி எல்லாம் கண்ணுக்குத் தெரியாது, மனசைத் தேத்திக்கிட்டு போங்க. அதே வால் நட்சத்திரம் அக்டோபர் நடுவுல சாயங்காலம் மேற்க வந்தப்போ இங்க காத்தழுத்தத் தாழ்வு, மழை, ஒண்ணும் பாக்க முடியல.

ரெண்டு எச்சரிக்கை. சூரியன் வர்ற நேரத்துக்கு கால் மணி முன்னாடியே பைனாகுலரை எறக்கிடுங்க, தவறிக்கூட சூரியனைப் பாத்துடக் கூடாது. இன்னொண்ணு, விடியக்காலைலயும் சாயங்காலமும் ஒசரத்துல போற பிளைட்டோட புகைக்கோட்டுல வெயில் பட்டா நெருப்பு மாதிரி மின்னும், அதை வீடியோ எடுத்து வால் நட்சத்திரம்னு அனுப்பிட்டே இருப்பாங்க. அஞ்சு நிமிஷத்துல நகந்தாலோ கலைஞ்சாலோ அது பிளைட்டு. சர்ருன்னு ஓடினா எரிநட்சத்திரம். வால் நட்சத்திரம் ஒரே எடத்துல நின்ன மாதிரி இருக்கும், மத்த நட்சத்திரங்களோட சேந்து மெதுவா ஏறும் எறங்கும், அவ்வளவுதான்.

லீவு கெடச்சா காவலூருக்கு ஒரு நடை போயிட்டு வாங்க, ஜவ்வாது மலைல ஆலங்காயத்துக்குப் பக்கம், பழைய வட ஆற்காடுதான். 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி வெச்ச டெலஸ்கோப் அங்க இருக்கு. அந்த அப்சர்வேட்டரிக்கு பேரு வெச்சிருக்காங்களே வைணு பாப்பு, அவரே 1949ல ஹார்வர்டுல படிக்கும்போது போட்டோ தகடுல ஒரு வால் நட்சத்திரத்தைக் கண்டுபுடிச்சவரு, அதுல அவரு பேரும் சேந்து பாப்பு போக் நியூகர்க்னு இருக்கு. எந்த நாள்ல உள்ள விடுவாங்கன்னு கேட்டுட்டுப் போங்க.

இப்போ பறவை. வானம் தெளிவா இருந்தா வால் நட்சத்திரம், வானம் கிழிஞ்சு ஊத்தினா கடல் பறவை, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் எது வந்தாலும் நமக்கு வேலை உண்டு. நடுக்கடல்ல வாழற பறவைங்க, கருமுதுகு ஆலா, ஃப்ரிகேட் பறவை மாதிரி, புயல்ல மாட்டிக்கிச்சுன்னா காத்து தள்ளுற பக்கமே வந்துடும், சிலது புயல் கண்ணுக்குள்ள மாட்டிக்கிட்டு அதோடவே நகரும். கரை ஏறினதும் புயல் பலம் கொறையும், அப்போ களைச்சுப் போய் கண்ணுல படுற தண்ணில எறங்கப் பாக்கும். அந்த தண்ணி நம்ம ஏரியா இருக்கலாம்.

எந்த புயலுக்குப் போகணும்? வங்கக் கடல் புயல் இடம்புரியா, அதாவது கடிகார முள்ளுக்கு எதிரா சுத்தும். அது போற தெசையைப் பாத்து, அதாவது மேற்கப் பாத்து நின்னீங்கன்னா, உங்க வலது பக்கம் காத்து கடல்ல இருந்து உள்ள அடிக்கும், இடது பக்கம் நெலத்துல இருந்து கடலுக்கு அடிக்கும். அதனால புதுச்சேரி, மரக்காணம் பக்கம் கரை ஏறினா வேலூரும் ராணிப்பேட்டையும் வலது பக்கம், நமக்கு நல்ல சான்ஸ். 2020 நிவர், 2024 ஃபெஞ்சல் எல்லாம் அப்படி புதுச்சேரி பக்கம் ஏறினதுதான். சென்னைக்கு மேல ஏறினா காத்து நம்மகிட்ட இருந்து கடலுக்குப் போகும், நான் கெளம்ப மாட்டேன். வானிலை மையம் போடுற பாதை மேப்பை மட்டும் பாருங்க, வாட்ஸ்அப் மேப்பு வேணாம்.

புயல் அடிக்கும்போது போகவே போகாதீங்க. காத்து அடங்கின மொத காலைல போங்க, அதுக்கு அடுத்த நாளும் போங்க, அதோட பெரும்பாலும் முடிஞ்சிடும். அப்பவும் கரை கசியுதுன்னு யாராச்சும் சொன்னா ஏறக் கூடாது. பாலாத்துல வெள்ளம் எப்படி வரும்னு 2021 நவம்பர்ல பாத்தோமே. இந்த வேலைக்கு மட்டும் நான் காவேரிப்பாக்கம் ஏரிக்குப் போவேன், தண்ணி பெருசு, பைக்ல ஒரு மணி நேரம்.

கஷ்டம் எங்கன்னா, ஆலாவுல வேற வகைங்க இங்க எப்பவுமே உண்டு. குளிர்காலத்துல மீசை ஆலா ஏரிக்கு ஏரி சுத்திட்டு இருக்கும், மேல வெளிர் சாம்பல் கலரு. அதைப் பாத்துட்டு கடல் பறவைன்னு குதிக்கக் கூடாது. முதுகு கன்னங்கரேல்னு, அடில வெள்ளையா, நெத்தி வெள்ளையா, வால் நல்லா பிளந்து இருந்தா அப்போ மூச்சைப் புடிச்சுக்கிட்டு பாருங்க. ஃப்ரிகேட் பறவைன்னா பருந்தை விட பெருசா, ரெக்கை கூர்மையா நடுவுல மடிஞ்ச மாதிரி, வால் கத்திரிக்கோல் மாதிரி. நான் இன்னும் அதைப் பாக்கல. கருமுதுகு ஆலா மாதிரி ஒண்ணை ஒரு டிசம்பர்ல பாத்தேன், போட்டோ எடுத்தா காக்கா மாதிரி வந்துச்சு, அதனால லிஸ்ட்ல போடல. இன்னிக்கு வரைக்கும் வயித்தெரிச்சல்.

தரைல களைச்சு விழுந்த பறவை கெடச்சா தூக்கி மேல வீசிடாதீங்க, வாயில தண்ணி ஊத்தாதீங்க, மூச்சுக்குழாயில போயிடும். துண்டைப் போட்டு மூடி, அலகு உங்க கண்ணைக் குத்தாம தூக்கி, ஓட்டை போட்ட அட்டைப் பெட்டில இருட்டா வெச்சிட்டு வனத்துறைக்கு போன் பண்ணுங்க. வீட்டுல வளக்குறது சட்டப்படி தப்பு, அதுவும் இல்லாம கடல் மீன் திங்கற பறவைக்கு நீங்க என்னத்தைப் போடுவீங்க?

வீட்டுக்கு வந்ததும் தேதி, நேரம், காத்து எந்தப் பக்கம், என்ன பாத்தீங்கன்னு எழுதி இ-பேர்ட்ங்கிற பறவைப் பதிவு வெப்சைட்ல போட்டுடுங்க, ஒண்ணுமே வரலன்னா கூட பாத்த கொக்கு நீர்க்காகத்தைப் போடுங்க, புயலுக்கு அடுத்த நாள் ஏரில என்ன இருந்துச்சுங்கிறதே ஒரு தகவல்தான். அப்புறம் அந்த காவலாளு நம்பரை வாங்கி வெச்சுக்கோங்க. நான் வாங்கினேன், போன வருஷம் மழைல "தம்பி, கறுப்பா ஒண்ணு சுத்துது, நம்ம ஊரு பறவை இல்ல"ன்னு போன் பண்ணாரு. நனைஞ்சுகிட்டே போய்ப் பாத்தா நம்ம ஊரு ஏரிப் பறவை பாம்புத்தாரா. டீ வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்.