லுவா 5.2.3-இன் அன்பேக் வழுவை நம் நிரலிலேயே தடுப்பது எப்படி?

சி நிரலுக்குள் லுவா என்ற சிறு ஸ்கிரிப்ட் மொழியைப் பொதிந்தவர்கள், பயனரின் ஸ்கிரிப்ட் ஒன்றால் நிரல் நின்றுபோனால் முதலில் தம் குறியீட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும். இருப்பினும், ஸ்கிரிப்டை இயக்கும் இன்டர்பிரெட்டரிலேயே வழு இருப்பதும் உண்டு. 2013-இல் வெளிவந்த லுவா 5.2.3-இல், ஒரு டேபிளின் உறுப்புகளைத் தனித்தனி மதிப்புகளாகத் திருப்பித் தரும் டேபிள்.அன்பேக் ஃபங்ஷன் அதற்கு நல்ல உதாரணம்.

முதலில் பதிப்பை உறுதிசெய்யுங்கள். ஸ்கிரிப்டில் _வெர்ஷன் மாறியை அச்சிட்டால் ‘லுவா 5.2’ என்று மட்டுமே வரும். கடைசி இலக்கத்தை அறிய சி பக்கத்தில் லுவா_ரிலீஸ் மேக்ரோவை அச்சிட வேண்டும். (நூலகத்தைத் தனியாக இணைத்திருந்தால், அந்த மேக்ரோ கம்பைல் செய்தபோது இருந்த ஹெட்டரின் பதிப்பையே சொல்லும்.)

அடுத்து, உங்கள் நிரலைத் தொடாமல், தனி லுவா இன்டர்பிரெட்டரில் வெற்று டேபிள் ஒன்றை 0 முதல் 2147483647 வரை அன்பேக் செய்து பாருங்கள். சில கணினிகளில், சில கம்பைலர் அமைப்புகளில் மட்டுமே இது விழும் (திடீரென நின்றுபோகும்) என்பதால், உங்கள் நிரலுக்குப் பயன்படுத்தும் அதே அமைப்புகளுடன் கம்பைல் செய்து சோதிப்பது அவசியம். அங்கேயும் விழுந்தால் குற்றம் உங்களுடையதன்று.

காரணம் இதுதான்: உறுப்புகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும் கழித்தலும் கூட்டலும் 32 பிட் முழு எண்ணில் நடக்கின்றன, விடை 2147483648 ஆகும்போது அதில் அடங்காமல் வழிந்தோடி, பெரும்பாலும் எதிர்மறை எண்ணாகிவிடும். விடை எதிர்மறையா என்று பார்க்கும் சோதனை இருக்கத்தான் செய்கிறது. ஆனால், தொடக்கம் முடிவைவிடப் பெரிதன்று என்பது முன்பே உறுதியாகிவிட்டதாலும், குறியுள்ள எண்கள் வழிந்தோடாது என்று சி மொழி கம்பைலரை அனுமானிக்க விடுவதாலும், அச்சோதனை தேவையற்றதென்று நீக்கப்பட்டுவிடக்கூடும்.

லுவாவின் மூல நிரலைத் திருத்த முடியுமானால் பேட்ச் (திருத்தம்) போடுவதே நல்லது. முடியாதபோது, நூலகங்களைத் திறந்த பிறகு, பயனரின் ஸ்கிரிப்டை ஏற்றுவதற்கு முன், லுவாவிலேயே ஓர் உறையை எழுதுங்கள். பழைய அன்பேக்கை லோக்கல் மாறியில் வைத்து, அதே பெயரில் புதிய ஃபங்ஷனை அமையுங்கள். தொடக்கம் தரப்படாவிட்டால் 1 எனவும், முடிவு தரப்படாவிட்டால் டேபிளின் நீளம் எனவும் கொண்டு, இரண்டின் வித்தியாசம் ஓர் எல்லையைத் தாண்டினால் எர்ரர் எழுப்புங்கள். எனக்கு 10,000 போதுமானதாகத் தோன்றுகிறது. லுவா 5.2-இல் எண்கள் இயல்பாக டபுள் (மிகப் பெரிய எண்களும் அடங்கும் தசம எண்) வகையாதலால் இந்தக் கழித்தல் வழிந்தோடாது. எர்ரர் ஃபங்ஷனின் இரண்டாம் அளவுருவாக 2 கொடுத்தால், பிழைச்செய்தி உறையை அல்லாமல் பயனரின் வரியைக் காட்டும்.

நிரலின் உள்நிலையைப் பார்க்க உதவும் டீபக் நூலகம் திறந்திருந்தால் அதன் வழியாகப் பழைய அன்பேக்கை மீட்டுவிடலாம். நம்பகமற்ற ஸ்கிரிப்டுகளுக்கு அதைக் கொடுக்காதீர்கள். பிறகு அதே உதாரணத்தை, பிழை எழுந்தாலும் நிரலை நிறுத்தாமல் பிடித்துத் தரும் பீகால் ஃபங்ஷன் வழியாக இயக்குங்கள்: நிரல் விழாமல் ஃபால்ஸும் உங்கள் பிழைச்செய்தியும் வர வேண்டும். இச்சோதனையை நிரலோடு வைத்திருந்து, 2015-இல் வந்த 5.2.4-க்கு மாறியதும் உறையை நீக்கிவிட்டு, சிறிய வரம்புகளுக்கு அன்பேக் முன்போலவே இயங்குகிறதா என்று சரிபாருங்கள்.